லூக்கின் இடது கால்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி பழுதாகியிருந்த ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் லூக் தேக்கா சந்தையில் வாங்கிய மீனோடு ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை. "இடது கால் இல்லாத மாதிரி இருக்கு, மாலா," என்றார். இரண்டு நிமிடத்தில் சரியாகி, மீதிப் படிகளை ஏறினார்.

லூக் பிரான்ஸ்காரர். இங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆனதால் என்னோடு தமிழிலேயே பேசுவார். அதற்கு முன்பு தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர். கோப்பை வாங்கும் வீரர் அல்ல; அணித்தலைவருக்கு முன்னால் எதிர்க்காற்றைத் தாங்கி மிதித்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மலையடிவாரம் வரை அவரைச் சேர்க்கும் உதவி வீரர். கடைசி இரண்டு பருவங்களில் ஏற்றம் வந்தாலே இடது தொடை மரத்துப்போனது. அணி மருத்துவர் படுக்கவைத்துச் சோதித்தார், எதுவும் தெரியவில்லை. மனத்தெம்பு இல்லை என்று மேலாளர் முடிவுகட்டினார். முப்பத்திரண்டு வயதில் எல்லாம் முடிந்தது.

எழுதக் கூச்சமாக இருக்கிறது: நானும் அதை நம்பினேன். ஒரு சண்டையில், "கஷ்டம்னா பாதியில விட்டுட்டுப் போற ஆளுதானே நீங்க," என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படிக்கட்டுச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் போய்ப் பார்த்த ரத்தக்குழாய் மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். லூக்கை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி, முடிந்தமட்டும் வேகமாக மிதிக்கச் சொன்னார். இறங்கியவுடன் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். வலது காலில் இருந்ததில் பாதிகூட இடது காலில் இல்லை.

"சும்மா படுத்திருக்கும்போது பார்த்தா தெரியாது லா," என்றார். "வருஷக்கணக்கா குனிஞ்சு மிதிச்சதுல இலியாக் தமனி உள்ளுக்குள்ள தடிச்சுப்போச்சு." (இடுப்பு வழியாகக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அது.)

"அப்பவே கண்டுபிடிச்சிருந்தா?" என்று கேட்டார் லூக்.

"ஆபரேஷன் செஞ்சிருக்கலாம். மறுபடி ரேஸ் ஓட்டியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

ரயிலில் திரும்பும்போது மன்னிப்புக் கேட்டேன். தன் இடது தொடையில் வைத்திருந்த கையை அவர் எடுக்கவில்லை. "நீ ஒரு தடவைதான் சொன்னே. நான் எனக்கே தினமும் சொல்லிக்கிட்டேன்."

அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. தமனியைத் திறந்து, தடித்த பகுதியைச் சுரண்டியெடுத்து, அவர் காலிலிருந்தே எடுத்த சிரைத் துண்டை ஒட்டாக வைத்துத் தைத்தார்கள். பிறகு ஆறு வாரம் குனியக்கூடாது. நான்காவது வாரம், நான் அவருக்குக் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று அழுதார். உடம்பில் வலி இல்லை. கைவிட்டுப்போன பந்தயங்களுக்காக அழுதார். நான் காலுறையைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரே இடத்து வலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது வரும் நேரத்தில், வரும் விதத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மனசு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

இப்போது பாசிர் ரிஸ் கடலோரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் போகிறார். பிள்ளைகள்கூட முந்திப்போகிறார்கள்.

காலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பாதத்தின் மேல்புறத்தில் நாடி பார்க்க மருத்துவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். எத்தனை விநாடி பின்தங்கினோம் என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர், தினமும் காலையில் அசையாமல் இடது காலை நீட்டிக்கொண்டிருக்கிறார். நான் விரலை வைக்கிறேன். எண்ணுவதில்லை. அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கிறேன், அது வருகிறது.