கோட்டையூர்ச் சாலையில் ஆடிய பூனை

மதுரையில் நோட்டீஸ்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவன் நான். காரைக்குடியில் ஒரு டூரிங் கொட்டகையில் டாக்கிக்கு முன்னால் 'கார்ட்டூன்' என்று ஒன்று போடுகிறார்கள், அதில் கையால் வரைந்த பூனை பானையைத் தட்டிக்கொண்டு ஆடுகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். ஐம்பத்தைந்து மைல், பதினான்கு அணா. மேலூர், திருப்பத்தூர் தாண்டிக் குன்றக்குடி மலை கண்ணில் பட்டபோது மணி பதினொன்று.

பிற்பகல் மூன்று மணிக்குக் கோட்டையூர்ச் சாலையில் கொட்டகையைக் கண்டுபிடித்தேன். ஆபரேட்டர் மாணிக்கம் அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்குட்டு இருந்து வாரீக?"

"மதுரை. பூனைப் படம் பார்க்க வந்தேன்."

"இன்னைக்குக் கிடையாதே. பொம்மைக்கு எதுக்கு ஏழு நிமிசம் மெஷின் விளக்குக் கார்பன எரிக்கணும்னு முதலாளி நிறுத்தச் சொல்லிட்டாக."

என் முகம் போன போக்கைப் பார்த்து, பூனைப் படச் சுருளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓர் அடி நீளத்தில் பதினாறு படங்கள். முதல் படத்தில் பூனையின் வால் தரையில் கிடந்தது. பதினாறாவதில் தலைக்கு மேல் நின்றது. பின்னாலிருந்த மரத்தில் மட்டும் ஒரு கோடுகூட மாறவில்லை. மரத்தை ஒரே தடவை வரைந்துவிட்டு, கண்ணாடி போன்ற தாளில் பூனையைத் தனியே தீட்டி மேலே வைத்துப் படம் பிடித்திருக்க வேண்டும். விநாடிக்கு ஒன்றரை அடி ஓடும் என்றார் மாணிக்கம். கணக்குப் போட்டேன். ஏழு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் படம்! எத்தனை பேர் கண் பூத்துப் போக உட்கார்ந்து வரைந்தார்களோ! இதையா பொம்மை என்று ஒதுக்குவது?

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு, பூனைப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டேன்.

"காசைத் திருப்பி வாங்கிட்டுப் போங்க" என்றார்.

"காசு வேண்டாம். பூனையைப் போடுங்கள்."

ஆறரைக்குக் கொட்டகை நிறைந்தது. நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். "மறைக்காதய்யா, உக்காரு!" என்று கத்தினார்கள். உட்காரவில்லை. "பத்தாயிரம் சித்திரம் வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற ஆட்கள் வரைந்தது. அதை உங்களுக்குக் காட்ட மாட்டார்களாம்!" என்றேன். முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். வீடு கட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு சுமப்பவள் போலும், முழங்கை வரை வெள்ளை.

"அந்த ஆள விடுங்க! காசு குடுத்து வந்திருக்கோம். பூனையப் போடுங்க. இல்லேன்னா ஒங்க பெரிய படமும் ஓடாது!"

சொன்னதோடு நிற்காமல் என் பக்கத்தில் வந்து மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளோடு வந்த ஏழெட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாணிக்கம் காத்திருக்கவில்லை; விளக்கு அணைந்தது, பூனை வந்துவிட்டது.

அந்த ஏழு நிமிஷமும் கொட்டகை அதிர்ந்தது. "இம்புட்டையுமா கையால வரைஞ்சாக?" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாணிக்கத்துக்கு வசவு விழுந்தது, வேலை போகவில்லை. மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை. என்னிடம் முதலாளி, "நாளைக்கு இந்தப் பக்கம் தலகாட்டுனீக, நடக்குறதே வேற" என்றார்.

மதுரையில் நான் வரைந்த நோட்டீஸைக் கிழித்துச் சுண்டல் மடிப்பார்கள். பார்த்துக்கொண்டே பேசாமல் நடந்திருக்கிறேன். சித்திரத்துக்காக மனிதர்கள் அடம்பிடித்து உட்கார்ந்ததை இங்கேதான் கண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மதுரை பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை. மாலையில் தரை டிக்கெட் வரிசையில் முதல் ஆளாய்ப் போய் நின்றேன்.