என் மகளுக்கு எத்தனை அம்பு

மூன்றாம் வகுப்புப் பெற்றோர் மீட்டிங்கில் கவுன்சலிங் மிஸ் சொன்னார்: வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்களாம். யாரோடு விளையாடப் பிடிக்கும், மூன்று பெயர் எழுத வேண்டும். அப்புறம் வகுப்பில் எல்லார் பெயரையும் சார்ட்டில் வட்டம் வட்டமாகப் போட்டு, யார் யாரை எழுதினார்களோ அவர்களுக்கு அம்பு இழுப்பார்கள்.

"ஒரு அம்புகூட வராத பிள்ளைங்களைக் கண்டுபிடிக்கத்தான் இது."

அது என் மகள்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். பரீட்சை என்றால் எனக்குத் தெரிந்த ஒரே ரிசல்ட் ஃபெயில்.

ஆனால் நான் ஓட்டுவது ஸ்கூல் ஆட்டோ. பெங்களூர் மர்பி டவுனிலிருந்து என் மகளோடு அவள் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வருகிறார்கள். வியாழக்கிழமை சிக்னலில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"நாளைக்கு இவ பேரை எழுதுங்கடா."

"எழுதினா என்ன குடுப்பீங்க அங்கிள்?"

"ஹார்ன் அடிக்க விடறேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அஞ்சு!"

"ப்பா, சும்னே இருப்பா!" என்று கன்னடம் கலந்து அதட்டிவிட்டு மகள் பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அட்வான்ஸாக அன்றைக்கே அடித்துத் தீர்த்தார்கள். முன்னால் பைக்கில் நின்றவர் திரும்பி, "என்ன குரு, கல்யாண ஊர்வலமா?" என்று கன்னடத்தில் கேட்டார். பல்லைக் காட்டினேன்.

திங்கட்கிழமை மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் சார்ட். ஓரத்தில் தனியாக ஒரு வட்டம், அதற்கு ஐந்து அம்பு.

"இது யாரு தெரியுதாண்ணா?"

"என் மகளா மிஸ்?"

"நீங்க. அஞ்சு பேரும் 'ஆட்டோ அங்கிள்'னு எழுதியிருக்காங்க. ஏன்னு கேட்டா ஹார்ன் குடுப்பாராம்."

சார்ட்டில் மற்ற வட்டங்களைத் தேடினேன். "அப்போ அவளுக்கு?"

"ரெண்டு. ரெண்டும் உங்க ஆட்டோ பிள்ளைங்க. அது அவளுக்கு வந்ததா, ஹார்னுக்கு வந்ததான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? அடுத்த மாசம் திரும்ப எழுத வைக்கப்போறேன். அதுவரைக்கும் வண்டியில நீங்க வாயைத் திறக்கக்கூடாது."

"அவ யாரை எழுதினான்னு மட்டும்..."

"அது ரகசியம்."

ஒரு மாதம்! அன்று சாயங்காலமே கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். என் மகள் பக்கத்துச் சிறுமியின் காதில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். அந்தச் சிறுமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னவென்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது; விழுங்கினேன்.

மகள் கண்ணாடியில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"உன்னைப் பத்தித்தான்ப்பா," என்றாள்.

வண்டியே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக அவள்.