சந்தனம் வைத்த ரேம்

என் மேசை இழுப்பறையில், கம்ப்யூட்டருக்கு நினைவகமாக மாட்டும் ஒரு பழைய ரேம் கிடக்கிறது. விரலைவிட நீளமான பச்சைப் பட்டை. அடியோரத்தில் பொன்னிறப் பற்கள். அவற்றின் இடுக்கில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. எப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எடப்பாடியில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் சேலை பார்டருக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. சேலத்தில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. நான் சேர்ந்த சமயம் ஆயுத பூஜை. வேகம் போதவில்லை என்று வாங்கி வந்த புது ரேமையும் முதலாளி பூஜைத் தட்டில் ஸ்பானர்களோடு வைத்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தார். புதுச் சாமானைப் பூஜைக்கு வைக்காமல் மாட்டுவது அந்தப் பட்டறையில் வழக்கமில்லை. மறுநாள் சர்வீஸ்காரர் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பாதி டிசைனில் திரை நீலமாகிவிடும். வெயில் நாளில் ஒழுங்காக ஓடும். தூறல் விழுந்தால் படுத்துக்கொள்ளும். முந்தின நாள் சேமித்ததைத் திறந்தால் மயிலுக்குத் தலை இருக்காது. சர்வீஸ்காரர் வந்தார், வைரஸ் என்றார், விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தார், மறுபடியும் அதையே செய்தார். மூடியைக் கழற்றிப் பார்க்க அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

முதலாளிக்கோ காரணம் தெரிந்துவிட்டது. "பூசை போட்ட சாமான் கெடாதுங்க. தொடற கை சரியில்லை. அந்த அம்மிணிக்கு ராசியில்லாத கை" என்று தறிக்காரர்களிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார். மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லியும் விட்டார். அந்தப் பேரோடு வெளியே போனால் ஊரில் வேறெந்தப் பட்டறையில் என்னைச் சேர்ப்பார்கள்? அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம்தான் வந்தது.

அவர் ஈரோட்டுச் சந்தைக்குப் போன ஒரு தூறல் நாளில் மூடியை நானே கழற்றினேன். ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன்; திரையெல்லாம் பிழை காட்டும் சிவப்புக் கோடுகள். கம்ப்யூட்டரில் முன்பே இருந்த ரேமை மட்டும் வைத்து ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. புதியதை மட்டும் வைத்தேன், மறுபடி சிவப்பு. உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், பற்களின் இடுக்கில் பூஜைச் சந்தனம், ஈரம் வாங்கி ஊறிப்போய்.

திரும்பி வந்தவரிடம் காட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பித் தந்தார். "சாமி நம்மளைச் சோதிச்சுப்போட்டாரு அம்மிணி" என்றார். வேலையில் இருந்துகொள்ளச் சொன்னார். தறிக்காரர்களிடம் என் கையைப் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவே இல்லை.

சந்தனம் வைத்ததில் எனக்குக் கோபமில்லை. என் மேசைக்கும் வருஷா வருஷம் வைக்கிறேன். பொருள் கெட்டால் பொருளைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்க்கிறார்களே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

போன வாரம், இப்போது நான் சொந்தமாக நடத்தும் டிசைன் கடைக்கு அதே முதலாளி ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நின்னு நின்னு போகுது அம்மிணி. உன்ற கையில ஒருக்காத் தொட்டுக் குடு. உனக்கு ராசிக் கை."

என் கடை ஆட்கள் முன்னால் வாய் நிறையச் சொன்னார். பாராட்டுகிறாராம்.

இழுப்பறையைத் திறந்து அந்த ரேமை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்ற கைக்கு ராசியுமில்லை, தோசமுமில்லீங்க" என்றேன். "வெச்சுட்டுப் போங்க. மூடியக் கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."