நடுவில் மலை இல்லை

மத்தியானம் குவாரியில் வெடி வைத்தால் எங்கள் ஏழாம் வகுப்பின் ஜன்னல் கம்பிகள் அதிரும், கரும்பலகை மேல் கல்தூள் மாவு போல வந்து உட்காரும். ஆந்திர எல்லையில் எங்கள் குப்பம் டவுன் பக்கத்துக் கிரானைட்டுக்கு வெளிநாட்டில் கிராக்கி வரத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தத் தூளைத் துடைத்துவிட்டுத்தான் சோஷியல் சார் கிரேக்க நாட்டு வரைபடம் போட்டார். நாடு முழுக்க மலை, மலைகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சமவெளி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவதைவிடப் படகேறிப் போவது சுலபம். அதனால் ஒரே பாஷை பேசி ஒரே சாமிகளைக் கும்பிட்டும் ஒவ்வொரு நகரமும் தனக்கென்று சட்டம், படை, காசு என்று தனி அரசாகவே வளர்ந்தது என்றார். அந்தப் பாடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

எழுந்து கேட்டேன்: "சார், ஊருக்கும் எங்க காலனிக்கும் நடுவுல மலையே இல்லியே. ரெண்டு பேரும் தமிழுதான் பேசறோம், கங்கம்மாவத்தான் கும்புடறோம். அப்புறம் ஏன் சார் ரெண்டு பைப்பு, ரெண்டு ஜாத்திரை, ரெண்டு சுடுகாடு?"

ஊர்க் கங்கம்மா வருஷா வருஷம் மேளதாளத்தோடு எங்கள் காலனி முனைச் சிறுபாலம் வரைக்கும் வந்து, அங்கேயே திரும்பிப் போய்விடுவாள். அடுத்த வாரம் நாங்கள் எங்களுக்கென்று ஒரு கங்கம்மாவை மண்ணில் பிடித்து வைத்துக் கும்பிட்டுக்கொள்வோம். வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும். சார் மட்டும் "அதி சிலபஸ்லோ லேது", அது பாடத்தில் இல்லை என்று தெலுங்குக்குத் தாவினார்; தர்மசங்கடம் வந்துவிட்டால் அவருக்குத் தமிழ் வராது. சாயங்காலத்துக்குள் சேதி ஊர்ப் பெரியவர்கள் காதுக்குப் போயிற்று. மன்னிப்புக் கேட்டால்தான் இனி வகுப்பு என்றார்கள்.

நைனா வந்தார். எனக்காகச் சண்டை போடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கேட்டுடும்மா. நீ படிக்கோணும். நா அவங்க நெலத்துலதான வேல செஞ்சிக்கினு கீறேன்" என்றார். கேட்டேன். எதற்கு? இல்லாத மலையை இல்லை என்று சொன்னதற்கு!

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. எங்கள் சுடுகாட்டுக்கு முன்னால் நின்ற மலையைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள், தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் மிச்சம். ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஒன்றாக ஷிப்ட் பார்க்கிறார்கள், ஒரே ரூமில் தங்கி ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாசம் நைனா செத்துப்போனார். ஊர்த்தெரு வழியாகப் போனால் எங்கள் சுடுகாடு கூப்பிடு தூரம். அடை மழை வேறு. தெருமுனையில் குறுக்கே நின்ற பெரியவர், "எப்பவும் போற வழியிலயே போய்டுங்கப்பா, வம்பு வாணாம்" என்றார். அவருடைய மகன் பக்கத்திலேயே நின்றான். ஸ்ரீ சிட்டியில் என் தம்பியோடு ஒரே ரூமில் இருப்பவன். தம்பி பாடையைத் தோளில் வைத்தபடி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் நைனாவைத் திருப்பிக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க வழுக்க, பள்ளத்தைச் சுற்றிப் போனோம்.