வெயில் விழாத படம்

நோரீன் அசெவேடோவுக்கு வாரநாளெல்லாம் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங். சனிக்கிழமையானால் கயாக் என்னும் ஒற்றையாள் படகின் துடுப்பு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கு மூலையில், தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மின்கோபுரங்களைத் தாண்டி, அவளுக்கென்று ஓர் ஆழமான குழி இருந்தது. வசந்தத்தில் குட்டி சுமக்கும் புள்ளிச் சுறாக்கள் அங்கேதான் கூடும். கணவாய்த் துண்டைத் தூண்டிலில் கோத்துப் போட்டால் போதும், கயாக்கோடு சேர்த்து ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும்! களைத்து வந்ததை மடியில் ஏற்றி, முள்ளைக் கழற்றி, "போடி, நல்லபடியாப் பெத்துப் பொழை" என்று விட்டுவிடுவாள்.

அந்தக் குழியை ஒரே ஒருவனுக்குத்தான் காட்டியிருந்தாள். வேட் ஹோல்கம். கயாக் கவிழ்ந்து குளிரில் விறைத்துக் கிடந்தவளை ஒருமுறை இழுத்துக் கரை சேர்த்தவன். அவனுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவாள்?

கயாக்கில் மீன்பிடிக்கிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சுறாவோடு படம் எடுத்தால் பின்னால் வெறும் தண்ணீர்தான் தெரிய வேண்டும். கரையோ கோபுரமோ படத்தில் விழுந்தால் ஊருக்கே இடம் தெரிந்துவிடும். கேமரா பிடிக்கிறவன்தான் அதற்குப் பொறுப்பு.

"நோரீன், நீ பெரிய ஆளாயிட்ட போ!" என்று டிப்போவில் ஒரு டிரைவர் போனை நீட்டினார். ஒரு கயாக் கம்பெனியின் பக்கம். அவள் மடியில், முதுகுத் துடுப்பின் நுனி பிளந்த பெரிய சுறா. தலைக்குப் பின்னால், பருந்துக் கூட்டோடு குழியோரத்துக் கோபுரம். அச்சு அசலாக!

படம் எடுத்தவன் வேட். உடனே அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஐயோ, கை தவறிருச்சும்மா. கோபுரத்தை நான் கவனிக்கவே இல்ல."

நம்பத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் படம் எடுத்த அன்று அவன் அவளைச் சுற்றித் துடுப்புப் போட்டு எதிர்ப்பக்கம் போனது நினைவுக்கு வந்தது. "இப்படித் திரும்பு, முகத்துல வெயில் விழட்டும்" என்றான். படத்தை மறுபடி பார்த்தாள். எங்கும் மூடுபனி. அன்று வெயிலே இல்லை.

சனிக்கிழமை போனபோது குழியின் மேல் கயாக்குகள் மொய்த்துக் கிடந்தன. நடுவில் வேட், கம்பெனி கொடுத்த புத்தம்புது ஆரஞ்சு கயாக்கில். பக்கத்தில் ஒருவன் ஒரு சுறாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். வயிறு உப்பியிருந்தது. முதுகுத் துடுப்பின் நுனி பிளந்திருந்தது. நோரீன் விட்டுவிட்ட அதே சுறா.

"விட்டுருங்கன்னுதான் சொன்னேன்..." என்று வேட் இழுத்தான்.

"கயாக் நல்லாருக்கு, வேட். வெயில் பட்டா இன்னும் பளபளக்கும், இல்ல?"

அவன் முகம் செத்துப்போனது.

அப்போது கோபுரத்தின் காலில் ஈரக்கோடு தெரிந்தது. நீர் வடியத் தொடங்கிவிட்டது. திரும்பும் ஓடை வழி தெரியாதவன் இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொள்வான். எல்லாரும் வேட் பக்கம் பார்த்தார்கள். வேட் அவளைப் பார்த்தான். இத்தனை வருடமும் அவள் கயாக்கின் பின்புறத்தைப் பார்த்தே வந்து போனவன். வழி அவனுக்கு எங்கே தெரியும்?

அவள் மட்டும் பேசாமல் போயிருக்கலாம். யார் கேட்பார்கள்?

"தண்ணி வடியுது! தூண்டிலைச் சுருட்டுங்க, என் பின்னாலயே வாங்க!" என்று கத்தினாள்.

வளைந்து வளைந்து போன ஓடை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் துடுப்புச் சத்தம். அதில் வேட்டின் துடுப்பை மட்டும் அவளால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கரை வரும்வரை அவள் திரும்பவே இல்லை.