என், ஓ வரும் வார்த்தை

எங்கள் வீட்டில் ஆங்கிலம் மூன்று இடங்களில் இருந்தது. உர மூட்டையின் மேல், கிணற்று மோட்டாரின் தகட்டில், அத்தையிடம். முதல் இரண்டும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்ததால் நான் அத்தையையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ்ஸில் போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். அதற்குமேல் டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசைப்பட்டாள். வீட்டில் வரன் பார்க்க ஆசைப்பட்டார்கள். வீட்டாரின் ஆசைதான் நடந்துகொண்டிருந்தது.

வேர்க்கடலை உரிக்கும்போது நானும் அவளும் ஓர் ஆட்டம் ஆடுவோம். ஒருத்தி ஓர் எழுத்தைச் சொல்வாள். அந்த எழுத்து எங்கேயாவது வரும்படி ஓர் இங்கிலீஷ் வார்த்தையை மற்றவள் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் அப்போதுதான் எனக்கு வார்த்தைகள் சேரத் தொடங்கியிருந்தன. 'ஏ', 'டி' எல்லாம் சுலபம். எக்ஸுக்கு ஃபாக்ஸ் இருந்தது. க்யூவும் இஸட்டும்தான் என்னை அழவைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கூட அவருடைய அக்கா மட்டும் வந்திருந்தார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்போது ராகுகாலம். அது முடியாமல் பெண்ணைக் கூடத்துக்கு அழைத்து வர முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பஜ்ஜி தீர்ந்தது, மழையைப் பற்றிய பேச்சும் தீர்ந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் மாப்பிள்ளை நெளிந்தார். அப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. நான் மாப்பிள்ளை முன்னால் போய் நின்று, "உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்து, "கொஞ்சம் வரும் பாப்பா. இன்னா சொல்லு?" என்றார்.

ஆட்டத்தை விளக்கினேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. எடுத்த எடுப்பில் க்யூவைக் கேட்டார். நான் அடுப்படிக்கு ஓடினேன். அத்தை புதுப் புடவையில் வியர்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "ஈக்வல்னு சொல்லு" என்றாள். ஓடிவந்து சொன்னேன். அடுத்து இஸட் கேட்டார். மறுபடி ஓடினேன். இந்த முறை அத்தை சற்று யோசித்து, "லேஸி" என்றாள்.

"லேஸின்னா சோம்பேறிதானே? என்னியா சொல்றாங்க?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. அத்தைதான் சொல்லிச்சு" என்றேன். ஆட்டத்தின் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத வயது.

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "இப்ப ரெண்டு கேள்வி. என், ஓ ரெண்டும் வர்ற வார்த்தை ஒண்ணு. ஒய், இ, எஸ் மூணும் வர்ற வார்த்தை ஒண்ணு. ரெண்டுல எது இஷ்டமோ அத்த மட்டும் சொன்னா போதும். நீ சொல்லக் கூடாது. அவங்களே சொல்லணும்."

அத்தையிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எது இஷ்டமோன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானையைப் பிடித்தபடி அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தால் பெண்ணைத் தவிர எல்லோரிடமும் சம்மதம் கேட்பார்கள். இதற்கு முன் வந்த வரன்கள் விஷயத்திலும் அப்படித்தான். அத்தைக்கு இந்தக் கேள்வி புதிது.

எனக்கோ பொறுமை இல்லை. "என், ஓ ஈஸி அத்தை! ஆனியன், நோஸ், நோட், எவ்ளோ கீது!"

"நீ சும்மா இருடி."

இதற்குள் அப்பா கூடத்திலிருந்து தண்ணீர் கேட்டார். சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! சொம்பை மாப்பிள்ளையிடம் நீட்டியபடியே, "நோட்!" என்றேன்.

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தார். "கிளம்பலாமா அக்கா?" என்று எழுந்தார்.

"இன்னாடா இது? பொண்ண இன்னும் பாக்கவே இல்லியே!"

"இல்லக்கா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அப்பா பதறி எழுந்தார். என்ன குற்றம் நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தின் நடுவே அடுப்படி வாசலிலிருந்து அத்தையின் குரல் கணீரென்று கேட்டது.

"யெஸ்டர்டே!"

கூடத்தில் எல்லோரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். பெண் பார்க்கும் வீட்டில் பெண் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்குத் தெரிந்த சொற்ப ஆங்கிலத்தில் அந்த வார்த்தை இருந்தது. "யெஸ்டர்டேன்னா நேத்து. நேத்து இன்னாம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "நேத்து அரைச்ச மாவு புளிச்சிக்கினு கீதாம், அத்தச் சொல்லுது" என்றாள்.

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். சொம்பை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தார். "புளிச்சா பரவாயில்லீங்க. ராகுகாலம் முடியட்டும், இருந்தே போறோம்" என்றார். அவருடைய அக்கா தம்பியையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்யாண வேலையில் என் வழக்கை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. சரியான விடையை முதலில் சொன்னவள் நான். கொண்டாட்டம் எல்லாம் அத்தைக்கு. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. மறுவீட்டு விருந்துக்கு அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மாமாவிடமே நியாயம் கேட்டேன்.

"நோட்டுல என், ஓ ரெண்டுமே கீது. அப்ப நான் சொன்னதும் சரிதானே?"

"ரொம்ப சரி. நல்ல வேளை, அது உன்னோட விடையா போச்சு" என்றார் மாமா.

அத்தை இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். நான் வென்றுவிட்டேன் என்றுதான் அவர்கள் சிரிக்கிறார்கள் என நினைத்து, மாமாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அடுத்த எழுத்தைக் கேட்டேன்.