புளிக்காத அத்திம்பேர்

“சாரே... நம்மட அத்திம்பேர் போயி!”

போன வாரம் கரமனை பஸ்ஸில் இருந்தபோது நண்பர் சுகுமாரன் போன் செய்தார். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாத வயது எனக்கு. பக்கத்து சீட்காரர் அனுதாபத்தோடு பார்த்தார்.

“எப்படி?” என்றேன்.

“மழையத்து அழுகிப் போயி.”

“வேரோடயா?”

பக்கத்து சீட்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார்.

அத்திம்பேர் என்றால் எங்கள் வலியசாலைத் தெருவில் அக்காவின் கணவர். நிஜ அத்திம்பேர் போன வருஷமே போய்விட்டார். இப்போது போனது அவருடைய தக்காளி. வருஷா வருஷம் அவரே விதை எடுத்து, காயவைத்து, விடாமல் காப்பாற்றிய ஜாதி. சுருங்கிய தோல், தாங்க முடியாத புளிப்பு — ஆளும் அப்படித்தான். இரண்டு வருஷம் முன்பு, அவர் இருந்த காலத்தில், எங்கள் மாடித்தோட்டக்காரர்கள் கூடி விதை மாற்றிக்கொண்டபோது, பெயர் வேண்டுமே என்று கவரில் ‘அத்திம்பேர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மலையாள நண்பர்கள் ஏதோ உயர்ந்த ரகம் என்று நம்பிவிட்டார்கள்.

இந்த மழையில் என் மாடியில் இருந்த அத்தனை செடியும் வாடல் நோயில் சரிந்தது. காலையில் பச்சை, சாயங்காலம் தலை தொங்கல். மருந்து கிடையாது. கைவசம் விதையும் இல்லை; அக்கா வீட்டிலும் மிச்சமில்லை. அதனால் என்ன? நம் வீட்டில் செத்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும் என்றுதானே விதையைப் பகிர்ந்துகொள்கிறோம்?

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “திவசத்துக்குத் தக்காளி சேர்க்கப்படாதாக்கும். மறுநாளாவது அவர் தக்காளில ஒரு ரசம் வைக்கணும்டா.”

விதை வாங்கிப்போன ஒவ்வொருவராக விசாரித்தேன். ஆரியசாலை மளிகைக்கடை அண்ணாச்சி சொன்னார்: “அத்திம்பேரா? அவர எறும்பு தின்னுட்டுல்லா!” அடுத்தது சுகுமாரன் — அந்தச் சாவுச் செய்திதான் பஸ்ஸில் வந்தது. மிச்சம் பீனா டீச்சர்.

“அத்திம்பேர் இவிடெ சுகமாயிட்டுண்டு சாரே!”

ஓடினேன். டீச்சர் ஒரு கூடைப் பழத்தை நீட்டினார். உருண்டை. பளபளப்பு. ஒரு சுருக்கம்கூட இல்லை. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“புளி கூடுதலாயிருந்நு. ஞான் நல்ல மதுரமுள்ள ஒண்ணுமாயி க்ராஸ் செய்து. இப்போ சூப்பர்!”

“பழைய விதை?”

“அதெந்தினா இனி?”

அதானே... இனி எதற்கு? கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆசையாகத்தான் செய்திருக்கிறார். எதையும் அழிக்க விரோதி வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் நல்லெண்ணமும் மொட்டைமாடியும் போதும்.

அக்கா ரசம் வைத்தாள். ஒரு வாய் குடித்தாள்.

“இனிக்கறதேடா...”

டீச்சர் செய்ததைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அவரை மாத்தப் பார்த்தேன். டீச்சர் எப்படிடா ரெண்டே வருஷத்துல...?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

“நீயே குடி. யாரோ நல்ல மனுஷராட்டம் இருக்கார். எனக்குத்தான் அவரைத் தெரியாது.”